கூச்சத்துக்கு விலை 378 ரூபாய்!

பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நமக்கு வேண்டியவர். அவருடைய மகள் பி.காம். பாஸ் பண்ணினாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை அந்த ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் போன்ல படம் போடுறாங்க" என்றாள்.

ஒரே மகள். மறுக்க மனம் வருமா?

"ஆசிய சாப்பாடு" என்று விளம்பரம் செய்யும் ஓட்டல் அது. சீனா, ஜப்பான், தாய்லாந்து, கொரியா எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே! (அப்படியானால் நம்ம இட்லி என்ன, ஐரோப்பா சாப்பாடா?)

முன்கூட்டியே போன் செய்து இடம் பிடிக்க வேண்டுமாம். 10 நாள் காத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு குடும்பத்தோடு போனார்.

அரை இருட்டு. காகித விளக்கு. மூலையில் ஒரு புத்தர்.

டிம்சம் வந்தது. ஆவியில் வேகவைத்த சீனக் கொழுக்கட்டை. மூங்கில் கூடைக்கு நான்கு. சுஷி வந்தது. வினிகர் கலந்த சோறு, மேலே ஒரு துண்டு மீன். ஜப்பான்காரர் பண்டம்.

ருசி எப்படி?

"நல்லாத்தான் சார் இருந்துச்சு. வயித்துக்குப் போனதுதான் தெரியல" என்றார் நண்பர்.

கடைசியில் பில் வந்தது. அதுதான் தெரிந்தது!

பில்லைப் பாருங்கள்

டிம்சம் 2 கூடை 1,100 ரூபாய். சுஷி ஒரு தட்டு 800. நூடுல்ஸ் 2 கிண்ணம் 1,200. ஐஸ்கிரீம் ஒன்று 300. தண்ணீர் பாட்டில் இரண்டு 200. ஆக 3,600 ரூபாய்.

அதற்குக் கீழே "சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம்" என்று ஒரு 360 ரூபாய். இரண்டையும் கூட்டி, அந்த 3,960-க்கும் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி 198 ரூபாய். மொத்தம் 4,158!

சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 3,780 ரூபாயோடு முடிந்திருக்கும். கூடுதலாகப் போனது 378 ரூபாய்.

நண்பர் கணக்கு எழுதுகிற ஆள். பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். வாயைத் திறந்தார். மகள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்ப்பா. பக்கத்து டேபிள்ல பார்க்கிறாங்க."

வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்டினார். வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டார்.

விலை வேறு, வசூல் வேறு

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 550 ரூபாய்க்கு டிம்சம் விற்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. கட்டிட வாடகை இருக்கிறது. ஏ.சி. இருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் இருக்கிறது. விலையை மெனு கார்டில் போட்டிருக்கிறார். இஷ்டம் உள்ளவர் சாப்பிடலாம், இல்லாதவர் எழுந்து வரலாம்.

தண்ணீர் பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்குகிறாரே என்றும் சண்டை போட முடியாது. ஓட்டலில் உட்கார வைத்துக் கொடுப்பது கடையில் விற்பது போல அல்ல என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பாட்டில் வேண்டாம், சாதாரண தண்ணீர் கொடுங்கள் என்று கேட்பதுதான் வழி.

ஆனால் சர்வீஸ் சார்ஜ் அப்படி அல்ல. அது விலையும் அல்ல, சர்க்கார் வரியும் அல்ல. நம்மைக் கேட்காமல் நம் பையிலிருந்து எடுக்கும் டிப்ஸ்!

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ந் தேதி தெளிவாக உத்தரவு போட்டது. சர்வீஸ் சார்ஜை ஓட்டல்கள் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கட்டாவிட்டால் உள்ளே விட மாட்டோம் என்று சொல்லக் கூடாது. பில்லோடு சேர்த்து அதற்கும் வரி போடக் கூடாது.

ஓட்டல்காரர்களின் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. முதலில் தடையும் வாங்கின. ஆனால் 2025 மார்ச் 28-ந் தேதி டெல்லி ஐகோர்ட்டு அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. கட்டாயமாக வசூலிப்பது தவறு என்று தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டவர்கள் தலைக்கு 1 லட்சம் ரூபாய் செலவுத்தொகை கட்டவும் சொன்னது. அதன் பிறகு சங்கங்கள் அப்பீலுக்குப் போனது தனிக் கதை.

இவ்வளவு நடந்த பிறகும் நம்ம ஊர் ஓட்டலில் அந்த 10 சதவீதம் எப்படி வருகிறது?

கேட்க ஆள் இல்லை என்ற தைரியம்தான்! கோட்டு போட்ட மேனேஜரைக் கண்டால் நமக்குக் கூச்சம். காய்கறிக் கடையில் 5 ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிற நாம், அங்கே 378 ரூபாயை வைத்துவிட்டு வருகிறோம்.

சர்வர் பிழைக்க வேண்டாமா?

வேண்டும். இரவு 11 மணி வரை நின்றுகொண்டே வேலை செய்கிற பையன்கள். ஊரை விட்டு, மொழி தெரியாத ஊருக்கு வந்தவர்களும் அதில் உண்டு. அவர்களுக்கு நல்ல சம்பளம் முதலாளி கொடுக்க வேண்டும். கட்டுப்படியாகவில்லையா? மெனு கார்டில் விலையை ஏற்றட்டும். அது நேர்வழி.

நமக்கு மனசு இருந்தால், நன்றாகப் பரிமாறிய பையன் கையில் நாமே 50, 100 கொடுப்போம். அது அவனுக்குப் போய்ச் சேரும். பில்லில் வாங்குகிற பணத்தில் அவனுக்கு எவ்வளவு போகிறது என்று சாப்பிட்டவனுக்குத் தெரியுமா?

என்ன செய்யலாம்?

உட்காருவதற்கு முன்பே, "சர்வீஸ் சார்ஜ் உண்டா?" என்று கேளுங்கள். பில்லில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். கலெக்டருக்கும் எழுதலாம். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. புகார் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாலு ஓட்டலில் நீங்களே போய் பில்லை வாங்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் எல்லா பில்லும் சரியாகிவிடும்!

அத்தோ கடை பாடம்

ஆசிய சாப்பாடு சென்னைக்குப் புதிது அல்ல. 1960-களில் பர்மாவில் கடையையும் காணியையும் பறிகொடுத்துவிட்டு வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த பண்டம் அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்.

பர்மா பஜார் பின்னால், செகண்ட் லைன் பீச்சில் நண்பர் மறுநாள் சாயங்காலம் நின்றாராம்.

"எவ்வளவுப்பா?" என்றார். வண்டிக்காரர் விலையைச் சொன்னார். அதன் பிறகுதான் தட்டை எடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் சொன்ன விலையைத்தான் வாங்கினார்.

தெருவோரத் தள்ளுவண்டியில் இருக்கிற இந்த நாணயம், புத்தர் சிலை வைத்த ஏ.சி. ஓட்டலில் இருக்கக் கூடாதா?