பாப்ஸ் செய்யத் தெரியாத ஆய்வகங்கள்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கொஞ்சம் வேதியியல் வரும், பொறுத்துக்குங்க :-)

காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால் போடுறீங்க. வேலை முடிஞ்சதும் அதை வெளியே அனுப்ப, உங்க கல்லீரல் அதில் ஒரு பகுதியின் மேல் சல்பேட்டை ஒட்டி விடுகிறது. ஆனால் வெறும் சல்பேட் இருக்கிறதே, அது லேசில் எதோடும் ஒட்டாத சோம்பேறி. அதைத் தோளில் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நியூக்ளியோடைட் வேண்டும். முழுப்பெயர் 3'-பாஸ்போஅடினோசின் 5'-பாஸ்போசல்பேட். ஆய்வகத்தில் எல்லாரும் சொல்வது 'பாப்ஸ்'. 1950களில் ராபின்ஸும் பிரிட்ஸ் லிப்மனும் அடையாளம் கண்ட பொருள்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது எங்கள் குழு இந்த சல்பேட் ஒட்டும் நொதிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பாப்ஸ் விலைக்கு வாங்குவோம். உலர்பனியில் வெளிநாட்டிலிருந்து வரும், கொள்ளை விலை. ஒரு முறை பெட்டி வழியில் எங்கேயோ சில நாள் கிடந்துவிட்டு வந்தது. பனி எல்லாம் போயிருந்தது. குப்பி மேல் ஒட்டிய காகிதத்தில் தூய்மை என்னவோ பிரமாதமாகத்தான் போட்டிருந்தது. 260 நானோமீட்டரில் அளந்தோம், கணக்கு சரியாக வந்தது. உள்ளே வைத்தோம்.

அடுத்த நாலு மாசம் ஜூனியர் பெண் ஒருத்தி செய்த சோதனை எதுவும் நிற்கவில்லை. நொதி பாதி வேலைதான் செய்தது. "பிப்பெட் பிடிக்கவே தெரியலை, இவளை யார் சேர்த்தது"ன்னு பேசினோம். பேசினவர்களில் நானும் ஒருத்தன். கடைசியில் வேறு வேலைக்காக எச்.பி.எல்.சி. ஓடிக்கொண்டிருந்த ஒரு நாள், சும்மா அந்தக் குப்பியிலிருந்தும் ஒரு துளி போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் பாப்ஸே இல்லை!

பாப்ஸில் பாஸ்பேட்டையும் சல்பேட்டையும் இணைக்கும் பிணைப்பு ரொம்ப மென்மையானது. அமிலத்தையும் சூட்டையும் தாங்காது. உடைந்தால் மிஞ்சுவது 'பாப்'. அதிலும் அதே அடினின்தான் இருப்பதால் 260இல் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதைவிட மோசம், இந்த பாப் அதே நொதிகளின் வேலையைத் தடுக்கும். ஆக, கொடுக்கிற கை குறைந்து, தடுக்கிற கை கூடிப் போச்சு. அந்தப் பெண்ணின் கையில் குறையே இல்லை.

மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா, அடுத்த தடவை நாமளே செஞ்சுக்கலாம்"னு மட்டும் சொன்னாள். செய்தோம்.

செய்வது ஒன்றும் பெரிய மாயம் இல்லை. ஏ.டி.பி., சல்பேட், மக்னீசியம், மூணு நொதிகள். முதல் நொதி ஏ.டி.பி. சல்பியூரிலேஸ். இதன் வினை தானாக முன்னே போகாது, அதன் சமநிலை மாறிலியே கிட்டத்தட்ட 10 கோடியில் 1தான்! அதனால் கூடவே உண்டாகும் பைரோபாஸ்பேட்டை இரண்டாவது நொதி உடைத்துக்கொண்டே இருக்கணும். கிடைத்த கொஞ்ச நஞ்ச பொருளை மூணாவது நொதி, இன்னொரு ஏ.டி.பி. செலவழித்து, உடனே பாப்ஸாக மாற்றிவிடணும். பின்னாலிருந்து ஒருத்தர் தள்ள, முன்னாலிருந்து ஒருத்தர் இழுக்க, பழுதான வண்டி மேடேறுகிற மாதிரி.

நிஜமான வேலை அதுக்கப்புறம்தான். கலவையில் ஏ.டி.பி., ஏ.டி.பி., பாப், பாப்ஸ் என்று அண்ணன் தம்பிகள் எல்லாரும் இருப்பார்கள் (முதலாவது ட்ரை, இரண்டாவது டை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்ய!). எதிர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் ரெசின் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ட்ரைஎத்திலமோனியம் பைகார்பனேட்டின் செறிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கணும். அந்த உப்பு உறைநிலை உலர்த்தலில் பறந்துவிடும், பாப்ஸ் மட்டும் மிஞ்சும். அறை முழுக்கக் கருவாட்டு நாற்றம் அடிக்கும், அது தனிக்கதை.

"மாணவர் நேரத்தை இதில் வீணாக்கணுமா, வாங்கிட்டுப் போகலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. தினமும் செய்யச் சொல்லவில்லை. ஒரு தடவையாவது செய்யட்டும். செய்தவனுக்குத்தான் அந்தப் பொருள் எங்கே உடையும், எதோடு ஒட்டிக்கொண்டு வரும், எந்தச் சோதனை அதைக் காட்டாது என்று கைக்குத் தெரியும். வாங்கியே பழகினவனுக்குக் காகிதத்தில் போட்டிருப்பதுதான் வேதம்.

இது சின்ன ஆய்வகத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2008இல் ஹெப்பாரின் மருந்தில் கலப்படம் வந்தது ஞாபகம் இருக்கலாம். அதிகமாக சல்பேட் ஏற்றிய காண்ட்ராய்டின் கலந்திருந்தது. அமெரிக்காவில் உயிரிழப்பு வரை போனது. அன்றைக்கு வழக்கத்தில் இருந்த சோதனைகளுக்கு அசலையும் போலியையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. என்.எம்.ஆர். போன்ற முறைகளில் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. எங்கள் 260 நானோமீட்டர் கதையேதான், அளவுதான் பெரிசு.

காகிதத்தில் இருக்கும் தூய்மை, அதை அடைத்த நாளின் தூய்மை. இன்றைய தூய்மையை நாமதான் பார்க்கணும். மாணவன் மேல் சந்தேகப்படும் முன்னாடி குப்பி மேல் சந்தேகப்படுங்க.

பி.கு: நாங்களே செய்த முதல் பாப்ஸின் தூய்மையைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. இரண்டாவது முறை நன்றாகவே வந்தது :-)