இன்ஜின் ஆசைக்கு ஆண், பெண் உண்டா?

பெண்களுக்குப் பொழுதுபோக்கு என்றால் கோலம், எம்பிராய்டரி, கூடை பின்னுவது, மிஞ்சிப் போனால் கதைப் புத்தகம். இதைத் தாண்டி ஒருத்தி எதிலாவது ஆசை வைத்தால், ‘இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?’ என்கிறார்கள்.

என் ஆசை, பழைய நீராவி ரயில் இன்ஜின்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும் விருதுநகர் - தென்காசி பாதை 1927-ல் திறக்கப்பட்டது. அதில் ஓடிய கரி வண்டியைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஏழாம் வகுப்பிலிருந்து, பேப்பரில் எங்கே இன்ஜின் படம் வந்தாலும் வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் விவரமும் எழுதி வைப்பேன். படிப்பு பிளஸ் டூவோடு நின்றது. இந்தப் பழக்கம் நிற்கவில்லை.

கல்யாணமான பிறகு, பிரசவத்துக்கு நான் பிறந்த வீடு போயிருந்தபோது, அத்தனை நோட்டுகளையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். “பொம்பளைப் பிள்ளைக்கு இன்ஜின் படம் எதுக்குத்தா? சோறா போடப் போகுது?” என்றார் மாமியார். கோபத்தில் சொல்லவில்லை; அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. வீட்டு ஆண்கள் நாள் முழுக்க கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் ‘சோறு போடுமா?’ என்று யாரும் கேட்பதில்லை!

நிஜமாகச் சொன்னால், நீராவியைப் பற்றிப் பேச நம்மை விடத் தகுதியானவர்கள் யார்? தினமும் பிரஷர் குக்கரோடு குடும்பம் நடத்துகிறோமே! குக்கரில் ஆவி அதிகமானால் வெயிட் தூக்கி வெளியேற்றுகிறது. இன்ஜினிலும் அதற்கென்று ஒரு வால்வு உண்டு. தண்ணீர் வற்றினால் குக்கர் மூடியில் உள்ள சேஃப்டி வால்வு உருகி ஆவியைத் திறந்துவிடுகிறது. இன்ஜின் பாய்லரிலும் அப்படியே ஈய அடைப்பு ஒன்று இருக்கும். தண்ணீர் குறைந்து சூடு ஏறினால் அது உருகும். ஆவி நெருப்பின் மேல் பாய்ந்து ஓட்டுநரை எச்சரிக்கும். பெரிய இன்ஜின்களில் ஆவியின் அழுத்தம் நம் குக்கரைப்போல் சுமார் 14 மடங்கு. என் மகளுக்கு இதைச் சொன்னேன். அன்றிலிருந்து குக்கர் விசில் வந்தால், “அம்மா, ரயில் கிளம்பிருச்சு” என்கிறாள். அவள் பாடப் புத்தகத்தில் நீராவிப் பாடம் வரும்போது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இது பிரயோஜனம் இல்லையா?

எடைக்குப் போடுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் அகலப் பாதையில் நீராவி இன்ஜின்களின் காலம் 1995-ல் முடிந்தது. ஆயிரக்கணக்கான இன்ஜின்களைப் பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். ஆனால் 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த ‘ஃபேரி குவீன்’ தப்பியது. நம் சென்னை பெரம்பூர் பணிமனையில் அதைச் சீராக்கி, 1997-ல் மறுபடி ஓட வைத்தார்கள். உலகிலேயே ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய இன்ஜின் என்று 1998-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தது. அதே வயதுள்ள ‘எக்ஸ்பிரஸ்’ என்ற இன்ஜினையும் 2010-ல் பெரம்பூரில்தான் உயிர்ப்பித்தார்கள்.

ஊட்டி மலை ரயிலும் அப்படித்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளி ஏற்றுகிறது. 12½ அடி போனால் ஓர் அடி உயரம்! 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுவிட்சர்லாந்தில் செய்த இன்ஜின்கள் கிழடு தட்டியபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே 2011-ல் புது நீராவி இன்ஜின் செய்து அனுப்பினார்கள். ‘இது எதுக்கு உதவும்?’ என்று எல்லோரும் கை கழுவியிருந்தால் இவற்றில் ஒன்றாவது மிஞ்சியிருக்குமா?

பெண்களின் ஆசையும் அது போலத்தான். பழைய நாணயமோ, நட்சத்திரமோ, பறவையோ, எதுவாக இருந்தால் என்ன? சம்பாதித்துத் தர வேண்டாம், சண்டையும் வேண்டாம். அலமாரியில் ஒரு தட்டு, நாளில் அரை மணி நேரம். அவ்வளவுதானே கேட்கிறோம்? மாமியார்களே, கணவர்களே, அவள் சேர்த்து வைத்ததை அவளைக் கேட்காமல் எடைக்குப் போடாதீர்கள். தோழிகளே, நம் பெண் குழந்தைகள் ரயில் நிலையத்தில் இன்ஜினைப் பார்க்க நின்றால், கையைப் பிடித்து இழுக்காமல் இரண்டு நிமிஷம் கூட நில்லுங்கள்.

- ஒரு குடும்பத் தலைவி, மகாராஜபுரம்.