சாலை சேரிக்கு, ஒப்பந்தம் யாருக்கு?

மங்களூர் ஒன்றியத்தில் ஏதாவது ஓர் ஊரின் ஆதிதிராவிடர் குடியிருப்புக்குப் போனால் தெருமுனையில் ஒரு சிமெண்ட் பலகை நிற்கும். பணியின் பெயர், திட்டத்தின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஆண்டு ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். சில பலகைகளில் ஒப்பந்ததாரர் பெயரும் இருக்கும். அந்தப் பெயர் அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவருடையதாக இருப்பது அபூர்வம். ஜல்லி கொட்டியவர், கலவை சுமந்தவர், வெயிலில் நின்று சாலைக்குத் தண்ணீர் ஊற்றியவர் எல்லாரும் தெருவுக்காரர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்தது நாள் கூலி. லாபம் ஊருக்குப் போய்விட்டது.

பாலம், நான்குவழிச் சாலை, அனல்மின் நிலையம் என்று பெரிய வேலைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். சில லட்சங்களில் முடிகிற பேவர் பிளாக் தெரு, வடிகால், தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடிக் கட்டடம், பள்ளிச் சுற்றுச்சுவர், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு கொத்தனார் மேஸ்திரியாகி, மேஸ்திரி ஒப்பந்ததாரராகும் முதல் படி இந்தச் சின்ன வேலைகள்தான். இன்றைக்குப் பெரிய காண்டிராக்டர்களாக இருக்கிறவர்களில் பலர் ஏறியதும் இதே படியில்தான். நம் பிள்ளைகளுக்கு அந்தப் படியில் கால் வைக்க இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதற்கான விதிகள் 2000-இல் வந்தன. ஒப்பந்தப்புள்ளியை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதி வைத்து அனுமதிக்க வேண்டும். தகுதியுள்ளவர்களில் யார் குறைந்த தொகை கேட்டிருக்கிறாரோ அவருக்கு வேலை. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தச் சட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். டெண்டர் பெட்டி வைத்திருந்த காலத்தை நாற்பது வயது தாண்டிய எல்லாரும் பார்த்திருப்போம். ஒன்றிய அலுவலக வாசலில் நாலு பேர் நின்றால் போதும், பெட்டிப் பக்கம் வேறு யாரும் போக முடியாது. இணையவழி ஒப்பந்தப்புள்ளி வந்த பிறகு அந்த அடிதடி குறைந்தது உண்மை.

வாசலில் நின்ற ஆள் போனாலும் வாசலில் இருந்த பூட்டு போகவில்லை. ஒப்பந்ததாரராகப் பதிவு செய்ய வேண்டும் என்றால் சொத்து மதிப்புச் சான்று, அதாவது சால்வன்சி, வேண்டும். அதைத் தருகிறவர் வட்டாட்சியர். அவர் கேட்பது பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று. தொகுப்பு வீட்டுக்கு அரசு கொடுத்த இலவச மனைப்பட்டாவை வைத்து என்ன மதிப்பு காட்ட முடியும்? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அந்த நிலங்கள் இன்று யார் கையில் இருக்கின்றன என்பது ஊரறிந்த கதை. நிலத்தைப் பறிகொடுத்தவரிடம் 'நிலம் இருந்தால் வா, வேலை தருகிறேன்' என்று சொல்வதை வெளிப்படைத்தன்மை என்று எப்படிச் சொல்வது?

சால்வன்சியோடு முடிவதில்லை. ஜி.எஸ்.டி. பதிவு, டிஜிட்டல் கையொப்பம், முன்வைப்புத் தொகை, இதற்கு முன் இன்ன அளவு வேலை செய்த அனுபவச் சான்று என்று வரிசையாக வரும். வேலை கிடைத்தால்தான் அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் வேலை கிடைக்கும். இருபது வருடம் சித்தாளாகவும் கொத்தனாராகவும் உழைத்தது அந்தச் சான்றில் ஏறாது. இவ்வளவையும் தாண்டி ஒருவர் வந்துவிட்டால், ஐந்தாறு சின்ன வேலைகளை ஒன்றாகக் கட்டி 'பேக்கேஜ்' என்று அறிவித்துவிடுவார்கள். தனித்தனியாக இருந்தால் அவர் எடுத்திருக்கக்கூடிய வேலைகள், கட்டாக வரும்போது அவர் பதிவு செய்திருக்கிற வகுப்பின் வரம்பைத் தாண்டிவிடும்.

வேலை கிடைத்தாலும் பணம் உடனே கைக்கு வருமா என்றால் வராது. முதலில் கைப்பணம் போட்டு வேலையை முடிக்க வேண்டும். பிறகு பொறியாளர் வந்து அளக்க வேண்டும், எம்-புக்கில் ஏற வேண்டும், பில் போட வேண்டும், நிதி வர வேண்டும். அதுவரை சிமெண்ட் கடைக்காரரும் கம்பிக் கடைக்காரரும் கடன் கொடுக்க வேண்டும். ஊர்க்காரருக்குச் சொந்தக்காரர், சங்கத்துக்காரர் என்ற உறவில் கடன் கிடைக்கிறது. நம்மவருக்குக் கந்துவட்டிதான். ஒரு பில் மூன்று மாதம் தள்ளிப்போனால் வட்டியே லாபத்தைத் தின்றுவிடும். அடுத்த முறை அவர் டெண்டர் போட மாட்டார். யாராவது பெரிய ஒப்பந்ததாரரிடம் சப்-காண்டிராக்ட் எடுத்துக்கொண்டு பெயரில்லாமல் வேலை செய்வார்.

அரசியல் அதிகாரத்தில் நமக்குப் பங்கு வந்துவிட்டதே என்று கேட்கலாம். மங்களூர், 2001-இல் திருமாவளவனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. தொகுதி மறுசீரமைப்பில் அந்தப் பெயர் மறைந்தாலும், இப்போதுள்ள திட்டக்குடியும் தனித் தொகுதிதான். ஊராட்சித் தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தனி ஊராட்சிகளில் துணைத் தலைவர் பெரும்பாலும் ஆதிக்கச் சாதிக்காரர். எந்த வேலை, யாருக்கு என்பதை அந்த இரண்டாவது கையெழுத்து தீர்மானித்த ஊர்கள் எத்தனையோ. நம் கடலூர் மாவட்டத்தின் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020-இல் நாடு முழுக்கப் போனது. நாற்காலியே கிடைக்காதவரால் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்க முடியுமா? 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்த ஊராட்சிகளின் பதவிக்காலமும் முடிந்து, அதிகாரம் தனி அலுவலர்களிடம் போனது.

நிதி ஒதுக்கீட்டிலும் இதே கதைதான். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் 15 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. 2024-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம் வந்தது. நம் மக்களுக்கான நிதியை வேறு பக்கம் திருப்பக் கூடாது என்று நெடுநாள் போராடியதன் பலன் அது, வரவேற்போம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் முதல்வர் அறிவித்தார், அதையும் வரவேற்போம். ஆனால் இந்தச் சட்டமும் விதியும் பணம் எங்கே செலவாகிறது என்பதைத்தான் பார்க்கின்றன. அந்தப் பணம் யார் கையில் சம்பாத்தியமாகிறது என்பதைப் பார்ப்பதில்லை. சேரிக்கு ஒதுக்கிய பணம் சேரியின் தரையில் சிமெண்டாகப் படிந்து, லாபமாக வேறு தெருவுக்குப் போவதற்குப் பெயரும் 'ஆதிதிராவிடர் நலம்' என்றே கணக்கில் ஏறுகிறது.

இது புதுக் கோரிக்கை அல்ல. 1942 அக்டோபர் 29-ஆம் தேதி வைஸ்ராய்க்கு அண்ணல் அம்பேத்கர் கொடுத்த மனுவில் கல்வியும் அரசு வேலையும் மட்டும் இல்லை, அரசு ஒப்பந்தங்களில் பங்கும் இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்ததாரர் பட்டியலை எடுத்துப் பார்த்து, அதில் பட்டியல் சாதியினருக்கு உரிய இடம் இல்லாத நிலையைச் சுட்டிக் காட்டினார். கல்விக்கும் வேலைக்கும் நாம் போராடினோம். இந்த மூன்றாவது கோரிக்கையை எண்பது ஆண்டுகளாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டோம்.

மங்களூர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் கர்நாடகத்து மங்களூரா என்று கேட்பார்கள். அந்த மங்களூரில் இந்தக் கோரிக்கை சட்டமாகிவிட்டது. சித்தராமையா முதல் முறை முதல்வராக இருந்தபோது கர்நாடகத்தின் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைத் திருத்தி, 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கினார்கள். 2023-இல் அந்த வரம்பை 1 கோடியாக உயர்த்தினார்கள். அங்கேயும் ஒப்பந்தப்புள்ளி உண்டு, போட்டி உண்டு. ஒதுக்கிய பணிகளில் போட்டி அந்தப் பிரிவினருக்குள் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆந்திரம் 2019-இல் நியமன முறையில் கொடுக்கும் பணிகளில் பாதியைப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினருக்கு ஒதுக்கிச் சட்டம் செய்தது. மத்திய அரசின் 2012 கொள்முதல் கொள்கையிலும் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடமிருந்து 4 விழுக்காடு வாங்க வேண்டும் என்று இருக்கிறது. நம் மாவட்டத்து நெய்வேலி நிறுவனத்தையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் அது பொருளுக்கும் சேவைக்கும்தான், கட்டுமானப் பணிக்கு இல்லை. இட ஒதுக்கீட்டின் தாய்வீடு என்று மார்தட்டுகிற தமிழ்நாட்டில் கட்டுமானப் பணிகளில் கர்நாடகம் போல ஒரு பங்கு சட்டத்தில் இல்லை.

'தரம் போய்விடும்' என்பார்கள். இன்றைக்கு அந்தச் சாலையைப் போடுகிற கை யாருடையது? கலவை விகிதம் தெரிந்தவர் களத்தில் நிற்கிறார், பில்லில் கையெழுத்துப் போடுகிறவர் காரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். 'பினாமி புகுந்துவிடும்' என்பது அடுத்த வாதம். இது பொய்யல்ல. நம்மவர் பெயரில் பதிவு, பின்னால் வேறு ஒருவர் என்கிற ஏற்பாடு தனி ஊராட்சிகளில் நாம் பார்த்ததுதான். அதற்காகத் தனி ஊராட்சியே வேண்டாம் என்று சொன்னோமா? பணம் ஒப்பந்ததாரரின் சொந்தக் கணக்குக்கு மட்டும் போகட்டும். அளவெடுக்கும்போது அவரே நிற்கட்டும். பினாமி என்று தெரிந்தால் பெயர் கொடுத்தவர், எடுத்தவர் இருவரின் பதிவையும் ரத்து செய்யட்டும்.

சட்டம் வந்தால் மட்டும் போதாது, முதலும் கருவியும் வேண்டும். இதற்கு முன்மாதிரி விருத்தாசலத்திலேயே இருக்கிறது. இங்கே பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தபோது ஒவ்வொரு சிறு தொழில்காரரும் சொந்தமாகச் சூளை கட்ட வேண்டும் என்று அரசு சொல்லவில்லை. மண் கலவையைப் பொதுவில் தயாரித்துக் கொடுத்தது, பொதுச் சூளையில் சுட்டுக் கொடுத்தது. கலவை இயந்திரத்தையும் ரோலரையும் தாட்கோ அப்படி வாடகைக்குத் தர முடியாதா? முன்வைப்புத் தொகைக்கும் சால்வன்சிக்கும் பதிலாகத் தாட்கோவின் உத்தரவாதத்தை ஏற்க முடியாதா? 1974-இல் தொடங்கிய அந்தக் கழகத்துக்குச் சொந்தமாகவே கட்டுமானப் பிரிவு இருக்கிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் விடுதிகளையும் கட்டுவது அதுதான். அந்தக் கட்டடங்களின் ஒப்பந்தங்களிலிருந்தே ஒதுக்கீட்டைத் தொடங்கலாம். சென்னையில் கழிவுநீர் அகற்றும் வாகனங்களைத் தூய்மைப் பணியாளர்களுக்கே உரிமையாக்கி, குடிநீர் வாரியத்தின் வேலையையும் அவர்களுக்கே தரும் திட்டத்தை 2024-இல் இதே அரசு இயந்திரம்தான் தொடங்கியது. சாக்கடைக்கு முடிந்தது சாலைக்கும் முடியும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் அப்போது மக்கள்தொகையில் பாதிப் பேர் கறுப்பின மக்களாக இருந்தார்கள். நகராட்சியின் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினர் பெற்றது 0.67 விழுக்காடு. நகராட்சி 30 விழுக்காடு ஒதுக்கியது. 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒப்பந்த வேலைக்குத் தகுதியானவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குப் பாகுபாட்டால் மறுக்கப்பட்டது எவ்வளவு என்று நகராட்சி நிரூபிக்கவில்லை என்றது. நம் அரசமைப்புச் சட்டம் வேறு. 46-ஆம் கூறு பட்டியல் சாதியினரின் பொருளாதார நலனைக் காக்கச் சொல்கிறது. இருந்தாலும் நாளைக்கு நம் சட்டமும் நீதிமன்றம் ஏறும், அப்போது கணக்கு கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் 29 விழுக்காட்டுக்கு மேல் பட்டியல் சாதியினர். ஒப்பந்ததாரர் பட்டியலில் எத்தனை விழுக்காடு என்பதை அரசு இதுவரை நமக்குச் சொன்னதில்லை.

ஆகவே இந்த மாதம் மங்களூர், நல்லூர், விருத்தாசலம் ஒன்றிய அலுவலகங்களுக்கும் விருத்தாசலம், திட்டக்குடி நகராட்சிகளுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆளுக்கொரு மனுப் போடுவோம். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் 50 லட்சத்துக்கு உட்பட்ட பணிகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் ஒப்பந்தப்புள்ளி போட்டவர்கள், வேலை பெற்றவர், அவகாசத்தைக் குறைத்திருந்தால் அதற்கான ஆணை நகல், பதிவு செய்த ஒப்பந்ததாரர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்போம். 'சாதி விவரம் பராமரிக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்தி வையுங்கள், அரசு எண்ணவே இல்லை என்பதற்கு அதுவே எழுத்துமூலமான சாட்சி. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள் இருக்கிறது.