சும்மா இருக்க ஒரு நேரம்



சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் போர்ட் பிளேர் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அதே ஊர்தான். விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். ஆனாலும் கட்டணம் குறைவு என்பதால், அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் மூட்டை முடிச்சுகளோடு ‘பங்க்’ எனப்படும் படுக்கை வகுப்பில் இடம்பிடித்துக் கப்பலில்தான் வந்துபோகின்றன.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் கைபேசியில் சிக்னல் போய்விடும். அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பாடு, காற்று வாங்க மேல்தளம், சுற்றிலும் தண்ணீர். முதல் நாள் பொழுது நகராமல் தவிக்கிறவர்கள்கூட மறுநாள் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ஊர், உறவு, பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாம் நாள் அந்தப் பேச்சும் ஓய்ந்து, கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. வீட்டில் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும் அம்மாக்களுக்கும் அது அடுப்படி இல்லாத மூன்று நாள்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமானுக்கு இணையம் கொண்டுபோகும் கடலடிக் கம்பிவடம் செயல்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவ ஆலோசனைக்கும் வியாபாரத்துக்கும் தீவுகள் பல காலம் காத்திருந்த வசதி அது. அதைக் குறை சொல்ல மனம் வராது. டிசம்பரில் அங்கே ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும். அந்த நீண்ட மாலைகளையும் இனிக் கைபேசி கேட்கும், நம் ஊரில் கேட்பதுபோலவே. சும்மா இருக்கும் நேரம் தானாக வாய்த்த காலம் போய், நாமே அதை ஒதுக்கிவைக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

அது வீண் நேரமும் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மார்க்கஸ் ரெய்ச்லி என்ற நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2001இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்கள். மூளையின் சில பகுதிகள், நாம் வேலை எதிலும் இறங்காமல் இருக்கும்போதுதான் மும்முரமாக இயங்குகின்றன. பழைய நினைவுகளைக் கோப்பதும், நாளையை எண்ணிப் பார்ப்பதும், அடுத்தவர் மனத்தை ஊகிப்பதும் அந்தப் பகுதிகளோடு தொடர்புடையவை. ஆனால் நமக்குச் சும்மா இருக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. 2014இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வொன்றில், 15 நிமிடம் தனி அறையில் சும்மா உட்காரச் சொன்னபோது, 18 ஆண்களில் 12 பேர் பொழுது போகாமல் தங்களுக்குத் தாங்களே மின் அதிர்ச்சி கொடுத்துக்கொண்டார்கள். வேதனையான செய்தி இது.

சும்மா விட்டுவைப்பதன் பயன் நமக்குத் தெரியாததும் அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அந்தமான் உட்பட கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. இனப்பெருக்கக் காலத்தில் மீனைத் தொந்தரவு செய்யாமல் விட்டால்தான் பிறகு மீன் கிடைக்கும் என்று சட்டம் போட்டு 61 நாள் விடுகிறோம். வீட்டுக்குள் உழைக்கிறவர்களுக்கு அப்படி ஒரு நாளைக்கூட நாம் விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்கு இன்னும் இரண்டு பதார்த்தம் கூடுதல் சமையல், அவ்வளவுதான். குடும்பமே ஓய்வெடுக்க ஒருவர் மட்டும் நின்றுகொண்டே இருப்பது நியாயம் இல்லை.

ஆகவே இந்த ஞாயிறு மாலை அரை மணி நேரம் எடுத்து வையுங்கள். தொலைக்காட்சி வேண்டாம், கைபேசி அலமாரிக்குள் இருக்கட்டும். மாடியோ வாசற்படியோ, எங்கே காற்று வருகிறதோ அங்கே உட்காருங்கள். சமையலறையில் இருப்பவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வையுங்கள். அன்றைய காபியை நீங்களே போடுங்கள். எப்படி இருந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்