பாட்டி குரலா, ஃபேன் குரலா?

கம்ப்யூட்டரில் பதிவு செய்த குரல் கரகரவென்று இருந்தால் யாரைத் திட்டுகிறோம்? முதலில் கம்ப்யூட்டரை. அடுத்து மைக்கை. "நல்ல மைக் வாங்கிக் கொடுங்கப்பா" என்று வீட்டில் அடம் வேறு! என்னைக் கேட்டால், குட்டி நண்பர்களே, பெரும்பாலும் கோளாறு அந்த இரண்டிலும் இல்லை. நாம் பதிவு செய்யும் இடத்தில்தான் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியநாத சுவாமி கோயில் மணி, ராஜபாளையம் போகிற பஸ்ஸின் ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி, தலைக்கு மேலே ஃபேன். இத்தனைக்கும் நடுவில் பாட்டி பாடுகிற தாலாட்டு உங்கள் காதில் தெளிவாக விழும். ஏனென்றால் நம் மூளை வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுகிறது. மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதற்குப் பாட்டியும் ஒன்றுதான், பஸ்ஸும் ஒன்றுதான்.

அதனால் ஃபேனை நிறுத்துங்கள். மைக்கைப் பாட்டியின் பக்கத்தில் கொண்டு போங்கள். ஓர் அடியில் இருந்த மைக்கை இரண்டு அடிக்கு நகர்த்தினால், அதில் வந்து சேரும் குரலின் வலிமை பாதியாகாது, கால் பங்காகிவிடும்! ஆனால் தெருச் சத்தம் குறையாமல் அப்படியே வரும். ஒரு சாண் தூரம் சரியாக இருக்கும். வாய்க்கு நேராக வேண்டாம், சற்று ஓரமாக வையுங்கள். இல்லாவிட்டால் 'பாப்பா' என்று பாடும்போது மூச்சுக்காற்று மோதி 'புஸ்' என்று அடிக்கும். டைல்ஸ் போட்ட காலி அறை என்றால் எதிரொலி வரும். நான்கு போர்வையைத் தொங்கவிட்டால் அது அடங்கிவிடும்.

"அதெல்லாம் எதுக்கு? அப்புறம் சாஃப்ட்வேரில் சுத்தம் பண்ணிக்கலாமே" என்பார் வீட்டில் ஓர் அண்ணன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகள் ஃபேன் இரைச்சல் மாதிரியே இருக்கும். இரைச்சலைத் துடைக்கும்போது அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் பாட்டி தண்ணீருக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். பதிவின் அளவை அதிகமாக வைத்து ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டாலோ, வெட்டுப்பட்ட நிஜ ஒலி திரும்பி வரவே வராது.

இதே பக்கம் தெற்கே போனால் செங்கோட்டை. அந்த ஊர்க்காரர்தான் நாடக மேடையைக் கலக்கிய எஸ்.ஜி.கிட்டப்பா. 1933-ல் தமது 27-வது வயதில் இறந்துவிட்டார். இன்று அவர் குரலை நாம் கேட்பது இசைத்தட்டுகள் இருப்பதால்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் அளவே பாட்டு. மெழுகில் பதிந்ததை வெட்டி ஒட்ட அப்போது வழியில்லை. அதனால் பாடகர் எங்கே நிற்பது, வாத்தியம் எவ்வளவு தள்ளி இருப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே சரி பார்த்துக்கொண்டுதான் பாடுவார்கள். நம் பாட்டிக்கும் அந்த மரியாதையைக் கொடுத்தால் என்ன? அடுத்த மாதம் கேட்டால் இரண்டு அடி மறந்து போயிருக்கலாம்.

கம்ப்யூட்டர் மேல் தப்பே இல்லையா? உண்டு. மேஜைக் கம்ப்யூட்டரில் மைக்கின் இடம் பொதுவாக ரோஸ் நிறத் துளை, பச்சை ஸ்பீக்கருக்கு. மாற்றிச் செருகினால் மைக் வேலை செய்யாது. 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்டால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அது கரண்டிலிருந்து வருவதாக இருக்கலாம். ப்ளூடூத் ஹெட்போனின் மைக் பல நேரம் டெலிபோன் தரத்தில்தான் பதியும்.

பாட்டியைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு காரியம். யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். உங்கள் வீட்டில் இவ்வளவு சத்தமா என்று அசந்து போவீர்கள்! ஃபிரிட்ஜ்கூட பாடும்.

கோயில் மணியை என்ன செய்வது? அதை நிறுத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பூஜை நேரம் தவிர்த்துப் பாட்டைப் பதியுங்கள். மணியைத் தனியாக ஒரு நிமிடம் பதிந்து, அதையும் பாட்டியின் பாட்டோடு சேர்த்து வையுங்கள். அதுவும் பாட்டியின் தெருச் சத்தம்தானே!