ஐந்து மா நிலம் யாரிடம் இருக்கிறது?

2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி, தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதல்முறையாகத் தேசிய கால்பந்துச் சாம்பியன் ஆனது. அடுத்த ஆண்டே மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியக் கோப்பையைத் தூக்கியது. பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர்தான் என்றிருந்த நாட்டில் இது சிறிய விஷயமல்ல.

ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் ‘ஏழ்மையை வென்ற பெண்கள்’ என்ற ஒரே கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பூட்ஸ் வாங்கக் காசில்லை என்றால் அது ஏழ்மை. ஆட நிலமில்லை என்றால் அது வேறு. தஞ்சையில் அதற்குப் பெயர் சாதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு முழுக் கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர். டெல்டாக் கணக்கில் ஐந்து மாவுக்குச் சற்று மேல். இங்கே ஐந்து மா யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்பது தலைமுறைகளாக எழுதப்பட்ட வரலாறு. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரித்துக் கொன்ற மண் இது.

ஆய்வுக்காக நான் போய்வரும் ஊர்களில் சேரிப் பிள்ளைகளின் ஆட்டக்காலத்தைச் சம்பா அறுப்புதான் தீர்மானிக்கிறது. அறுத்த தாளடியில் குச்சி நட்டு கோல் போஸ்ட் வைப்பார்கள். அதுவும் வயல்காரர் உளுந்து தெளிக்காமல் விட்டிருந்தால்தான். தெளித்துவிட்டால் ஆட்டம் ஆற்றுமணலுக்கோ தார்ச்சாலைக்கோ போய்விடும். ஜூனில் மேட்டூர் திறந்தால் அடுத்த அறுப்புவரை பந்து பரணில். அடுத்தவர் வயலில், அடுத்தவர் தயவில் ஆடும் பிள்ளை உழைப்பால் மட்டும் மாநில அணிக்குப் போய்விட முடியுமா?

பெண்பிள்ளைகளுக்கு அந்தத் தயவும் கிடையாது. அரைக்கால் சட்டையோடு ஊர்த்தெருவைக் கடந்து பள்ளி மைதானத்துக்குப் போகும் சேரிப் பெண்ணை இரண்டு பார்வைகள் தடுக்கின்றன. ஒன்று ஊருடையது. இன்னொன்று நம் வீட்டு ஆண்களுடையது. இரண்டாவதைப் பற்றியும் நாம் பேசித்தான் ஆக வேண்டும்.

கொள்ளிடம் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர் ஆண்டுக்கணக்காகச் சிறுமிகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுத்தார். இந்துமதி, சந்தியா உட்படப் பலர் அந்த மாவட்டத்திலிருந்து இந்திய அணிவரை போனார்கள். இந்துமதி காவல் உதவி ஆய்வாளராகவும் ஆனார். அன்றாடம் கிடைக்கும் மைதானம், பயிற்சி, தங்குமிடம், பள்ளி, கல்லூரி, கடைசியில் ஒரு வேலை. சாம்பியன்கள் உருவாவது இந்த வரிசையில்தான். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திறமை களத்துமேட்டோடு நின்றுவிடும்.

2024இல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகளை அரசு வழங்கியது. நல்ல காரியம். ஆனால் பந்து வந்த ஊருக்கு மைதானம் வந்ததா? அந்தக் கருவிகள் யார் தெருவில் பூட்டிக் கிடக்கின்றன? புறம்போக்கும் பஞ்சமி நிலமும் யார் வேலிக்குள் இருக்கின்றன?

நாம் கேட்க வேண்டியது இதுதான்: ஆக்கிரமிப்பில் உள்ள பொது நிலத்தை மீட்டு, சேரிப் பெண்கள் அச்சமின்றி நடந்துபோகும் தொலைவில், ஊராட்சிக்கு ஒரு மைதானம். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கோப்பை வந்ததும் பாராட்ட ஆயிரம் பேர் வருவார்கள். ஐந்து மா நிலம் கேட்கும்போது யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.