இடிக்காமல் சீரமைத்த மஹல்லா: நிஜாமுதீன் பஸ்தி நமக்குச் சொல்வது என்ன?

டெல்லி நிஜாமுதீன் என்றதும் தமிழக முஸ்லிம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 2020 மார்ச் மாதம்தான். தப்லீக் மர்கஸுக்குப் போய் வந்தவர்களைத் தேடி அதிகாரிகள் வீடு வீடாக வந்ததும், கொரோனாவை ஒரு சமுதாயத்தின் தலையில் கட்டிய தொலைக்காட்சி விவாதங்களும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. அந்தப் பழி நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. 2025 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான குற்றப்பத்திரிகைகளை ரத்து செய்தது.

அதே மர்கஸைச் சுற்றியுள்ள சந்துகளில் 2007 முதல் நடந்துவந்த இன்னொரு வேலையைப் பற்றி நம் பக்கம் அதிகம் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டிய நேரம் இது. 'நகர மேம்பாடு' என்ற சொல்லைக் கேட்டாலே புல்டோசர் வருகிறதோ என்று நம் மக்கள் அஞ்சும் காலத்தில் இருக்கிறோம்.

நிஜாமுதீன் பஸ்தி, மதுரா சாலைக்கு மறுபுறம் ஹுமாயூன் கல்லறையை வைத்துக்கொண்டிருக்கும் பழைய குடியிருப்பு. 1325இல் மறைந்த நிஜாமுதீன் அவ்லியாவின் தர்கா அதன் நடுவில் இருக்கிறது. (தர்கா பற்றிய கருத்து வேறுபாடுகள் இந்தக் கட்டுரையின் பொருள் அல்ல. அங்கே வாழும் மக்களைப் பற்றித்தான் பேச்சு.) குறுகிய சந்துகள், ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்த வீடுகள், போதாத கழிப்பறைகள், பிள்ளைகள் விளையாட இடமில்லாத நெருக்கடி. 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் அடிப்படை வசதிகள் குறைவாக இருப்பதைச் சுட்டியபோது, அதற்கு உதாரணம் தேட டெல்லிக்குள்ளேயே போதுமானவை இருந்தன.

2007இல் ஆகா கான் கலாச்சார அறக்கட்டளை, தொல்லியல் துறை, மத்திய பொதுப்பணித் துறை, டெல்லி மாநகராட்சி ஆகியவை சேர்ந்து ஒப்பந்தம் செய்தன. இப்படிப்பட்ட திட்டங்களில் வழக்கமாகக் கல்லறைக்கும் கோபுரத்துக்கும் வெள்ளையடித்து, சுற்றுலாப் பயணிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்பதோடு வேலை முடிந்துவிடும். இங்கே ஹுமாயூன் கல்லறை வேலை நடந்த அதே காலத்தில், பஸ்திக்குள் இருந்த மாநகராட்சி தொடக்கப்பள்ளி புதுப்பிக்கப்பட்டது. பிள்ளைகள் சேர்க்கை உயர்ந்தது. மாநகராட்சி மருத்துவமனைக்கு ரத்தப் பரிசோதனைக் கூடம் வந்தது. பொதுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. குப்பை கொட்டும் இடங்களாகக் கிடந்த பூங்காக்கள் சீரமைக்கப்பட்டு, அதில் ஒன்று பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. பர்தா அணியும் பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்பது நகரத் திட்ட அதிகாரிகளின் வரைபடத்தில் வராத ஒன்று. குடியிருப்பவர்களைக் கேட்டால்தான் வரும்.

2008இல், 700 ஆண்டுகள் பழமையான படிக்கிணற்றின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதன் மேலேயே குடும்பங்கள் வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தன. 'ஆக்கிரமிப்பு' என்று நோட்டீஸ் ஒட்டுவது சுலபமான வழி. மாற்று வீட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிணற்றைச் சீரமைத்தார்கள். 2021இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் இந்தத் திட்டத்திற்கு உயரிய விருது கிடைத்தது.

நடந்தே போய்வரத் தக்க குடியிருப்பு என்று இன்று உலகமெங்கும் பேசுகிறார்கள். நம் ஊர்களில் அதை டைல்ஸ் பதித்த நடைபாதை என்று மட்டும் புரிந்துகொள்கிறோம். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கழிப்பறையும் பூங்காவும் பத்து நிமிட நடையில் இருந்தால் சாதாரணச் சந்தும் நடக்கத் தக்கதாகிவிடும். அவை இல்லாத தெருவில் எவ்வளவு அழகான கல் பதித்தாலும், அது வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளத்தான் உதவும்.

டெல்லியிலேயே இதற்கு ஓர் எதிர் உதாரணம் உண்டு. சாந்தினி சௌக்கில் செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மஸ்ஜித் வரை 1.3 கிலோமீட்டர் சாலையை மறுசீரமைத்து 2021 செப்டம்பரில் திறந்தார்கள். காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. நடப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் அது தெருவோர வியாபாரம் தடை செய்யப்பட்ட பகுதி என்று சொல்லி, அங்கே கடை விரித்துப் பிழைத்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

மும்பை பெண்டி பஜார் மூன்றாவது வழி. சுமார் 16.5 ஏக்கரில் 250 கட்டடங்களை இடித்துவிட்டு உயர்ந்த கோபுரங்கள் கட்டி, ஏறத்தாழ 3,200 குடும்பங்களுக்கும் 1,250 கடைகளுக்கும் அங்கேயே இடம் தரும் திட்டத்தை தாவூதி போஹ்ரா சமுதாயத்தின் அறக்கட்டளை 2009இல் தொடங்கியது. வாடகைக்கு இருந்தவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிறார். இது பெரிய விஷயம். ஆனால் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2017 ஆகஸ்ட் 31 அன்று அந்தப் பகுதியின் ஹுசைனி கட்டடம் இடிந்து 33 பேர் உயிரிழந்தார்கள். பழைய கட்டடங்களில் மக்கள் காத்திருக்கும் ஒவ்வொரு ஆண்டும் ஆபத்துதான். இவ்வளவு பணமும் கட்டுக்கோப்பும் எல்லாச் சமுதாயத்திற்கும் வாய்க்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நிஜாமுதீனிலும் எல்லாம் இனிப்பாக இல்லை. இடத்தின் மதிப்பு கூடியதும் மாடிக்கு மேல் மாடி எழுந்தது. படிக்கிணறு அருகே விதிமீறிக் கட்டப்பட்ட ஒரு விருந்தினர் விடுதி விவகாரம் 2024இல் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய் சி.பி.ஐ. விசாரணைக்கு மாற்றப்பட்டது.

இனி நம் பக்கம் வருவோம். திருப்பூர் 2017இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பழைய பேருந்து நிலையம் புதிதாக எழுந்தது. பனியன் கம்பெனி வேனில் ஏறி இறங்கும் தொழிலாளி குடியிருக்கும் சந்துகளுக்கு அந்தப் பணம் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதை அவரவர் வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். மூலனூர் போன்ற பேரூராட்சி இன்னும் அந்த நெருக்கடிக்கு ஆளாகவில்லை. பருத்தி ஏலத்துக்கும் முருங்கைக்காய்க்கும் சுற்றுவட்டாரமே வந்துபோகும் ஊர் அது. ஊர் பெருத்த பிறகு சரிசெய்வதைவிட, இப்போதே பள்ளிவாசலிலிருந்து பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுகாதார நிலையம் வரை ஒரு முதியவரோ கர்ப்பிணியோ தனியாக நடந்துபோக முடிகிறதா, எந்த இடத்தில் சாக்கடை திறந்து கிடக்கிறது, எங்கே விளக்கு இல்லை என்று குறித்து வைப்பது எளிது. ஒரு ஜும்ஆ முடிந்து ஜமாஅத் இளைஞர்கள் நான்கு பேர் நடந்து பார்த்தால் போதும். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். அவர்கள் நடக்கும் நேரமும் பாதையும் வேறு. நகர்ப்புறங்களுக்கு கிராம சபைபோல வந்த பகுதி சபை 2022 நவம்பர் 1இல் முதன்முதலாகக் கூடியது. இப்படிப்பட்ட பட்டியலோடு போய் உட்கார வேண்டிய இடம் அது.

பட்டியலோடு காகிதங்களும் வேண்டும். 2024 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் புல்டோசர் நடவடிக்கைகளுக்குக் கடிவாளம் போட்டு, இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது. பலரும் கவனிக்காதது என்னவென்றால், சாலை, நடைபாதை, நீர்நிலை, ரயில் பாதை ஓரம் போன்ற பொது இடங்களில் அனுமதியின்றி இருக்கும் கட்டுமானங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. எனவே பட்டா, கட்டட அனுமதி, வரி ரசீது ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று வீட்டுக்காரர்களும், பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் வக்ஃப் பதிவு இருக்கிறதா என்று நிர்வாகிகளும் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்திற்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் அது சொல்கிறது. உங்கள் ஊரில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பேரூராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.